முயிஸ்கா மனித உருவங்கள்: ஆணா, பெண்ணா என்று எப்படிச் சொல்கிறோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில ஆண்டுகளுக்கு முன் கொலம்பியத் தொல்பொருள் ஒன்றின் படத்துக்குத் தமிழில் இரண்டு வரிக் குறிப்பு எழுத உட்கார்ந்தேன். விரல் நீளத்தில் தட்டையான பொன் உருவம், கையில் ஒரு கோல். "கோல் ஏந்திய தலைவன் நிற்கிறான்" என்று எழுதிவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தேன். கோல் தெரிந்தது. தலைவன் என்பதற்கோ ஆண் என்பதற்கோ எந்த அடையாளமும் தெரியவில்லை. இரண்டையும் நானே கொண்டுவந்து வைத்திருந்தேன். அதன் பிறகு இந்த உருவங்களைப் பற்றி எங்கே பேசினாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்கள் இங்கே.

முயிஸ்கா மக்கள் யார்?

கொலம்பியாவின் நடுவே, ஆண்டீஸ் மலையின் கிழக்குத் தொடரில், சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் ஒரு பீடபூமி இருக்கிறது. தலைநகர் பொகோத்தாவும் அதன்மேல்தான் இருக்கிறது. ஸ்பானியப் படையோடு கோன்சாலோ ஹிமெனெஸ் தே கெசாதா 1537-இல் அங்கே ஏறி வந்தபோது, பல தலைமைகளாகப் பிரிந்து வாழ்ந்தவர்கள் முயிஸ்கா மக்கள். சோளமும் உருளைக்கிழங்கும் பயிரிட்டார்கள். உப்பு காய்ச்சினார்கள், பருத்தித் துணி நெய்தார்கள், மரகதம் எடுத்தார்கள். தங்கம் அவர்கள் மண்ணில் அரிது. உப்பும் துணியும் கொடுத்து வெளியிலிருந்து வாங்கினார்கள்.

"முயிஸ்கா" என்றால் அவர்கள் மொழியில் மனிதர் என்று பொருள். ஆணைச் சொல்லவும் பெண்ணைச் சொல்லவும் தனித்தனிச் சொற்கள் இருந்தன. ஸ்பானியர் காதில் "முயிஸ்கா" என்பது "மோஸ்கா", அதாவது ஈ, என்று விழுந்தது. அப்படியே எழுதியும் வைத்தார்கள். அந்த மொழிக்குப் பெர்னார்தோ தே லுகோ என்ற பாதிரியார் எழுதிய இலக்கணம் 1619-இல் அச்சானது. 18-ஆம் நூற்றாண்டில் மொழி வழக்கொழிந்தது. ஒரு பெயர் காதுமாறிப் போனதிலிருந்தே இந்த மக்களைப் பற்றிய வாசிப்பு தொடங்குகிறது என்பதை நான் எப்போதும் நினைவில் வைத்துக்கொள்கிறேன்.

எந்த மனித உருவங்களைப் பற்றிப் பேசுகிறோம்?

முக்கியமாகத் துன்ஹோ எனப்படும் சிறிய வார்ப்பு உருவங்களைப் பற்றி. தங்கமும் செம்பும் கலந்த உலோகத்தில் செய்தவை. பெரும்பாலானவை உள்ளங்கைக்குள் அடங்கும். உடல் ஒரு தட்டையான தகடு, பல நேரம் நீண்ட முக்கோணம். கண், வாய், மூக்கணி, கழுத்தணி, கை, கையில் உள்ள பொருள் எல்லாம் அந்தத் தகட்டின்மேல் மெல்லிய கம்பிபோல் ஒட்டியிருக்கும். உண்மையில் அது கம்பி இல்லை. கொடுக்கில்லாத் தேனீயின் மெழுகை நூலாக உருட்டி, மெழுகுத் தகட்டின்மேல் ஒட்டி, களிமண் பூசி, சூடாக்கி மெழுகை வடித்து, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் கையாளும் அதே மெழுகு வார்ப்பு முறைதான். ஆனால் அங்கே வார்த்த பிறகு அரத்தாலும் உளியாலும் தீர்த்து மெருகேற்றுவார்கள். துன்ஹோவை அச்சிலிருந்து எடுத்த கையோடு விட்டுவிட்டார்கள். உலோகம் சரியாக ஓடாமல் விட்ட ஓட்டையும், உலோகம் ஊற்றிய வாய்க்காலில் உறைந்து ஒட்டிய மிச்சமும் அப்படியே இருக்கும். பார்த்து ரசிக்கச் செய்தவை அல்ல, கொடுத்துவிடச் செய்தவை.

அணியாகவும் இவற்றை யாரும் போட்டுக்கொள்ளவில்லை. மண்கலத்துக்குள் வைத்து வயலிலும் குகையிலும் புதைத்தார்கள், ஏரியில் இட்டார்கள். நேர்ந்துகொண்டு கோயிலில் வைக்கும் மண்பொம்மையை நாம் உருவாரம் என்கிறோமே, அந்தச் சொல் துன்ஹோவுக்கு நன்றாகப் பொருந்தும். ஹெக்கே எனப்படும் பூசகரிடம் ஒருவர் தன் குறையைச் சொல்ல, ஹெக்கே நோன்பிருந்து எதைக் காணிக்கையாகச் செய்ய வேண்டும் என்று சொல்வார் என்று ஸ்பானிய ஏடுகள் விவரிக்கின்றன. ஒரே கலத்தில் கிடைத்த உருவங்களின் உலோகக் கலவையையும் கைவேலையையும் மார்கோஸ் மார்தினோன்-தோர்ரெஸ், மரியா அலிசியா உரிபே ஆகிய ஆய்வாளர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். அவை பெரும்பாலும் அந்த ஒரு காணிக்கைக்காகவே ஒன்றாகச் செய்யப்பட்டவை என்று தெரிந்தது. இது எனக்கு மிகவும் முக்கியமான செய்தி. ஒரு கலத்தில் உள்ள உருவங்கள் ஒரே வேண்டுதலின் சொற்கள் என்றால், ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து "இது ஆண்", "இது பெண்" என்று வாசிப்பது வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லை உருவி அர்த்தம் கேட்பதுதான்.

துன்ஹோ தவிர, மண்ணில் செய்த மனித உருவங்களும் உண்டு. உட்கார்ந்த மனிதரின் வடிவில் காணிக்கைக் கலங்கள், கழுத்தில் முகம் வைத்த குடங்கள் என்று பல. காப்பிக்கொட்டை போன்ற கண்கள் இரண்டு வகையிலும் வரும்.

ஓர் உருவம் ஆணா பெண்ணா என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்?

மூன்று வழிகளில். பேசும்போது மூன்றையும் ஒன்றாக்கிவிடுகிறோம், அதுதான் சிக்கல்.

முதல் வழி உடல். பல துன்ஹோக்களில் ஆண்குறியோ பெண்குறியோ அதே மெழுகு நூலால் காட்டப்பட்டிருக்கும். இது வலுவான சான்று. அதிலும்கூட, செய்தவர் இந்த உருவத்தின் உடலை இப்படிக் காட்ட விரும்பினார் என்பதுதான் தெரிகிறதே தவிர, அந்த உடலை ஊரார் எப்படி நடத்தினார்கள் என்பது தெரிவதில்லை.

இரண்டாவது கையில் உள்ள பொருள். ஈட்டியெறி கருவி, அம்பு, கேடயம், வெட்டிய தலை இருந்தால் ஆண். குழந்தை இருந்தால் பெண். உடற்குறி உள்ள உருவங்களில் இந்த இணைவு அடிக்கடி கண்ணில் படுகிறது என்பது உண்மை. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் குறி உள்ள உருவங்களில் கண்ட வழக்கத்தைக் குறி இல்லாத உருவங்களுக்கும் நீட்டும்போது, சான்று முடிந்து ஊகம் தொடங்குகிறது.

மூன்றாவது வழியை யாரும் வழி என்று ஒப்புக்கொள்வதில்லை. பெரிய உருவமாக, அணிகள் நிறைந்து, இருக்கையில் இருந்தால் "தலைவன்". எளிமையாக இருந்தால் வேறு யாரோ. இங்கே உடலும் இல்லை, பொருளும் இல்லை. அதிகாரம் என்றால் ஆண் என்ற நம் பழக்கம் மட்டுமே வேலை செய்கிறது.

உடற்குறி இல்லாத உருவத்தை ஆண் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பெண் என்றும், இரண்டும் அல்லாதவர் என்றும்கூட உடனே எடுத்துக்கொள்ளக் கூடாது.

குறி இல்லாமல் போக எளிய காரணங்களே பல. மெல்லிய மெழுகு நூல் இருந்த இடத்துக்கு உலோகம் ஓடாமல் போயிருக்கலாம். பிழைகளைத் திருத்தாமல் விட்டவர்கள் இதையும் விட்டிருப்பார்கள். பின்னால் உடைந்திருக்கலாம். ஆடை அணிந்த உருவமாக நினைத்துச் செய்திருக்கலாம். இவற்றையெல்லாம் கழித்தாலும் ஒரு காரணம் மிஞ்சுகிறது: அந்த வேண்டுதலுக்கு அந்த உருவம் ஆணா பெண்ணா என்பது தேவைப்படாமல் இருந்திருக்கலாம். மூக்கணியின் ஒவ்வொரு சுருளையும் பொறுமையாக ஒட்டிய கை, உடற்குறியை ஒட்டவில்லை என்றால், அதைக் கவனக்குறைவு என்று எழுதிவிட எனக்கு மனம் வருவதில்லை. எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்ல வேண்டாம் என்று அந்தக் கை அறிந்திருந்தது. மனிதர் என்ற பொதுச்சொல்லையே தங்கள் பெயராகக் கொண்ட மக்கள், மனிதர் என்று மட்டும் ஓர் உருவம் செய்வதில் வியப்பு என்ன?

இதில் மொழிக்கு என்ன வேலை?

நிறைய. ஸ்பானிய மொழியில் வீரன், பூசகன் என்ற சொற்களை எடுத்தாலே ஆண்பால் கூடவே வந்துவிடும். பல காட்சிக் குறிப்புகள் முதலில் அந்த மொழியில் எழுதப்பட்டவை. அவற்றை ஆங்கிலம் வழியாகத் தமிழுக்குக் கொண்டுவரும்போது நாம் இன்னொரு பூட்டையும் போடுகிறோம். தமிழில் வினைமுற்றே பாலைச் சொல்லிவிடும். "நிற்கிறான்", "நிற்கிறாள்", "நிற்கிறார்", "நிற்கிறது" என்ற நான்கில் ஒன்றைத் தேர்ந்தால்தான் வாக்கியம் முடியும். பால் சொல்லாமல் ஒரு மனிதரை நிற்கவைக்க வேண்டுமென்றால் மரியாதைப் பன்மையை நாட வேண்டும், அல்லது உருவம் என்று அஃறிணையாக்க வேண்டும்.

சிலர் "அவர்" போட்டால் போதும் என்கிறார்கள். பெரும்பாலும் போதும். ஆனால் "அவர்" ஒரு மதிப்பையும் சேர்த்தே தருகிறது. அம்பு பாய்ந்து தூணில் கட்டுண்டு நிற்கும் பலி உருவத்தையும் தலைவர் உருவத்தையும் ஒரே உயரத்தில் வைத்துவிடுகிறது. "இவ்வுருவம் நிற்கிறது" என்பது உலர்ந்த நடைதான், ஆனால் பொய் சொல்வதில்லை. உடற்குறி தெளிவாக இருக்கும்போது ஆண் உருவம், பெண் உருவம் என்று தயங்காமல் எழுதுகிறேன். தெளிவில்லாத இடத்தில் அஃறிணை.

இதைச் சொல் விளையாட்டு என்று சிலர் ஒதுக்குவதுண்டு. ஒரு பள்ளிப் பிள்ளை அந்தக் குறிப்பை வாசித்துவிட்டுப் போகும்போது, பழங்காலத்தில் ஆட்சியும் பூசையும் போரும் ஆண்களுடையவை, குழந்தை மட்டும் பெண்ணுடையது என்று கற்றுக்கொண்டு போகிறது. அதைக் கற்பித்தது அந்தப் பொன் உருவம் இல்லை, நம் வினைமுற்று.

குழந்தை ஏந்திய உருவம் தாய்தானே?

பல உருவங்களில் பெண்ணின் உடலும் குழந்தையும் சேர்ந்தே வருகின்றன. அவற்றைப் பெண்ணும் குழந்தையும் என்று சொல்வதில் தவறில்லை. "தாய்" என்பது அதற்கு மேல் ஒரு படி.

இது காணிக்கை என்பதை மறந்துவிடுகிறோம். பிள்ளை வேண்டுமென்று நேர்ந்துகொண்டு தொட்டில் கட்டுகிறவர் இன்னும் தாய் ஆகவில்லை. ஆக வேண்டும் என்று கேட்கிறார். பிள்ளைக்கு நோய் நீங்கினால் உருவாரம் வைப்பதாக நேர்பவர் தகப்பனாகவோ பாட்டியாகவோ இருக்கலாம். உருவத்தில் இருப்பவர் ஒருவர், வேண்டியவர் வேறொருவர். ஆகவே குழந்தை ஏந்திய துன்ஹோவைப் பார்த்து "முயிஸ்கா சமூகத்தில் பெண்ணின் பங்கு தாய்மை" என்று எழுதுவது, கோயில் மரத்தில் தொங்கும் தொட்டில்களை எண்ணி ஊரின் மக்கள்தொகை சொல்வதற்குச் சமம். பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதை இந்த உருவங்கள் காட்டுவதில்லை. எதை வேண்டினார்கள், எதற்கு அஞ்சினார்கள் என்பதற்கு அவை அருகில் இருக்கின்றன. குழந்தைகள் எளிதில் இறந்துபோன காலத்தில் அந்த வேண்டுதலுக்கு ஆண் பெண் பேதம் இருந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம்.

போப்போரோ ஏந்திய உருவம் கட்டாயம் ஆண் என்கிறார்களே?

போப்போரோ என்பது சுண்ணாம்புக் குடுவை. வெற்றிலைக்குச் சுண்ணாம்பு போல, கோக்கா இலையை மெல்லும்போது சுட்ட கிளிஞ்சல் சுண்ணாம்பைக் குச்சியால் தொட்டு வாயில் சேர்ப்பார்கள். வடக்கே சியெரா நெவாதா தே சாந்தா மார்த்தா மலையில் இன்றும் வாழும் கோகி மக்களிடம் போப்போரோ ஆணின் உடைமை. பையன் ஆளாகும்போது அவனிடம் தரப்படுவது. இலை பறிப்பது பெண்கள் வேலை. குடுவையைப் பெண்ணாகவும் குச்சியை ஆணாகவும் அவர்கள் பேசுவார்கள். கோகி மொழியும் முயிஸ்கா மொழியும் சிப்சா என்ற ஒரே மொழிக்குடும்பம். அதனால் இந்த ஒப்பீடு வெறும் கையில் எடுத்தது இல்லை.

ஆனாலும் எனக்கு ஒரு தடை உண்டு. உறவு மொழி பேசுவோர் என்பதால் வழக்கமும் அப்படியே இருந்திருக்கும் என்றால், பல நூறு ஆண்டுகளும் ஒரு படையெடுப்பும் யாரையும் மாற்றவில்லை என்று சொல்வதாகும். கோகி மக்களைப் பழங்கால முயிஸ்காவின் கண்ணாடியாக வைப்பது அவர்களுக்கும் நியாயமில்லை. தென்மேற்கே கௌக்கா ஆற்றுப் பகுதியின் கிம்பாயா பொற்கொல்லர்கள் உட்கார்ந்த பெண்ணின் வடிவிலேயே பொன் போப்போரோ செய்திருக்கிறார்கள். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அப்படி ஒன்று இருக்கிறது. அந்தப் பெண் கோக்கா மென்றார் என்று அது நிறுவாது. போப்போரோவும் பெண்ணும் ஒன்றாக நினைக்கவே முடியாதவை என்ற பேச்சை மட்டும் அது நிறுத்துகிறது.

நெசவுக் கருவி கிடைத்தால் பெண் என்று சொல்லலாம் அல்லவா?

அவசரப்பட வேண்டாம். முயிஸ்கா கதைகளில் நூற்கவும் நெய்யவும் கற்றுத்தந்தவர் போச்சிகா என்ற தாடி வைத்த கிழவர். கோகி மக்களிடம் தறியில் துணி நெய்வது ஆண், தோள்பை பின்னுவது பெண்.

ஸ்பானிய ஏடுகள் ஆண் பெண் உறவைப் பற்றி என்ன சொல்கின்றன?

ஒன்றுக்கொன்று பொருந்தாத பலவற்றைச் சொல்கின்றன. அவற்றை எழுதியவர்கள் படைவீரர், பாதிரியார், குடியேறியவர்களின் பிள்ளைகள். ஏறக்குறைய எல்லாரும் ஆண்கள். பெண்கள் பேசியதை அவர்கள் கேட்ட இடங்கள் மிகக் குறைவு.

உறுதியாக நிற்கும் செய்தி ஒன்று உண்டு. தலைவர் பதவி மகனுக்குப் போகவில்லை. சகோதரியின் மகனுக்குப் போனது. மருமக்கள்வழி பற்றிக் கேள்விப்பட்ட நமக்கு இது புரியாத ஏற்பாடு இல்லை. பதவியில் இருப்பவர் ஆண், பதவி வரும் வழி பெண். இதைப் பெண்ணாட்சி என்பது மிகை. பெண்ணுக்கு இடமே இல்லை என்பதும் பொய். குடியேற்றக் கால ஆவணங்களில் பெண் தலைவர்களும் வருகிறார்கள்.

இன்னொரு கதை. பாதிரியார் பியத்ராஇத்தா 1688-இல் வெளியிட்ட வரலாற்றில் வருவது. கெசாதா ஒருநாள் சுவெஸ்கா ஊர்த் தலைவரைப் பார்க்கப் போனபோது, அவருடைய 9 மனைவியரும் அவரைக் கட்டிவைத்து ஒருவர் மாற்றி ஒருவராகச் சாட்டையால் அடித்துக்கொண்டிருந்தார்களாம். முந்தைய இரவு ஸ்பானியரோடு சேர்ந்து குடித்ததற்குத் தண்டனை. இதைப் பெண்களின் அதிகாரத்துக்குச் சான்றாகக் காட்டுவோர் உண்டு. பழங்குடித் தலைவர்களை ஸ்பானியர் கேலி செய்யும் கதை என்போரும் உண்டு. என் கருத்து: கேலி செய்யும் நோக்கத்தோடு சொன்ன கதைக்குள்ளும் ஒரு உண்மை ஒட்டிக்கொண்டு வரலாம். கேட்டவர் 1537-க்கு 150 ஆண்டு தள்ளி வெளியிடுகிறார் என்பதை மட்டும் மறக்காமல் வாசிக்க வேண்டும்.

பச்சுவே என்ற தாய்த்தெய்வம் இருந்தாரே, அப்படியானால் பெண் உருவங்கள் எல்லாம் பச்சுவேதானா?

இல்லை. பெத்ரோ சிமோன் பாதிரியார் பதிவுசெய்த கதையில், இகுவாக்கே ஏரியிலிருந்து பச்சுவே 3 வயதுச் சிறுவனோடு வெளியே வருகிறார். அவன் வளர்ந்ததும் அவனை மணந்து, ஒவ்வொரு பேற்றிலும் 4, 5, 6 குழந்தைகளாகப் பெற்று நாட்டை நிரப்புகிறார். முதுமையில் இருவரும் பாம்பாகி ஏரிக்குள் திரும்புகிறார்கள். வழக்கமான தாய்த்தெய்வக் கதைக்குள் அடங்காத கதை இது. பச்சுவே குழந்தை பெற்றவர் மட்டும் இல்லை. சட்டமும் அமைதியும் போதித்துவிட்டுப் போனவர்.

20-ஆம் நூற்றாண்டில் கொலம்பியக் கலைஞர்கள் பச்சுவேயைத் தேசத்தின் தாயாக எடுத்தார்கள். ரோமுலோ ரோசோ 1925-இல் செய்த பச்சுவே சிற்பம் புகழ்பெற்றது. அந்தப் பிம்பம் பிறகு பின்னோக்கிப் பாய்ந்து, எந்தப் பெண் துன்ஹோவைப் பார்த்தாலும் கருவளம், அன்னை, நிலம் என்று சொல்ல வைத்தது. அதே கதைத்தொகுப்பில் குடியும் கூத்தும் கற்பித்து, போச்சிகாவின் நெறியை எதிர்த்து, தண்டனையாக ஆந்தையாக்கப்பட்ட உய்தாக்காவும் இருக்கிறார். உய்தாக்காவின் உருவம் என்று யாரும் எந்தத் துன்ஹோவையும் காட்ட முன்வருவதில்லை. பெண் என்றால் அன்னை மட்டும்தான் நினைவுக்கு வருகிறது.

வில்யா தே லெய்வா ஊருக்கு அருகே உள்ள கல்தூண்களுக்கும் இதன் மறுபாதி நடந்தது. ஸ்பானியர் அந்த இடத்துக்குச் "சின்ன நரகம்" என்று பெயர் வைத்தார்கள். தூண்களை ஆண்குறி என்று வாசிப்பதே இன்றும் முதலில் காதில் விழுகிறது. சூரியனின் போக்கைப் பார்த்துக் காலம் கணிக்க நட்டவை என்ற வாசிப்பு அதன் பின்னால்தான் வருகிறது.

இரண்டு பாலுக்கும் வெளியே உள்ளவர்கள் இருந்தார்களா?

முயிஸ்கா மக்களின் வடகிழக்கு அண்டை மக்களான லாச்சே பற்றிப் பியத்ராஇத்தா ஒரு வழக்கத்தை எழுதுகிறார். ஒரு பெண்ணுக்கு மகளே பிறக்காமல் தொடர்ந்து 5 மகன்கள் பிறந்தால், அவர்களில் ஒருவரைப் பெண்ணாக வளர்க்கலாம். அப்படி வளர்ந்தவர்களைக் "குஸ்மோ" என்றார்கள். நடையிலும் வேலையிலும் மற்றப் பெண்களிலிருந்து வேறுபடுத்த முடியாதபடி இருந்தார்கள், மணமும் செய்துகொண்டார்கள் என்கிறார். எழுதுபவர் இதை வெறுத்தே எழுதுகிறார். வெறுப்பை நீக்கிவிட்டுப் பார்த்தால், உடலும் சமூகத்தில் வகிக்கும் இடமும் ஒன்றாகவே இருந்தாக வேண்டும் என்ற விதி அந்த மலைகளில் எல்லா இடத்திலும் செல்லுபடியாகவில்லை என்பது தெரிகிறது.

ஆனால் லாச்சே வேறு, முயிஸ்கா வேறு. இந்த ஒரு பத்தியைக் கையில் வைத்துக்கொண்டு குறி இல்லாத துன்ஹோவையெல்லாம் குஸ்மோ என்று அழைக்கும் ஆர்வம் எனக்குப் புரிகிறது, ஏற்க முடியவில்லை. பழைய அவசரத்துக்குப் பதில் புதிய அவசரம் விடை ஆகாது.

புகழ்பெற்ற பொன் படகில் நடுவில் இருப்பவர் ஆண்தானே?

1969-இல் பாஸ்கா ஊர்ப்பக்கக் குகை ஒன்றில், மண்கலத்துக்குள் விவசாயிகள் கண்டெடுத்த படகு அது. நீளம் 20 சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பொகோத்தா தங்க அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நடுவில் ஒரு பெரிய உருவம், சுற்றிலும் சிறிய உருவங்கள்.

நடு உருவத்தைத் தலைவன் என்று வாசிக்க வைப்பவை அதன் அளவும் அணிகளும், கூடவே ஒரு கதையும். பொகோத்தாவில் பிறந்த ஹுவான் ரொத்ரிகெஸ் ஃப்ரெய்லே 1636 வாக்கில் எழுதத் தொடங்கிய நூலில் வருவது அந்தக் கதை. குவாத்தாவீத்தா ஏரியில் புதுத் தலைவரின் உடலெங்கும் பொற்பொடி பூசி, தெப்பத்தில் ஏற்றி, நடு ஏரியில் காணிக்கை இடுவார்கள். அந்த வாரிசு சகோதரியின் மகன். பெண், உப்பு, மிளகாய் எதையும் தொடாமல் 6 ஆண்டு குகையில் நோன்பிருந்தவன். படகோ 1295-க்கும் 1410-க்கும் இடையில் வார்க்கப்பட்டதாகக் கணிக்கிறார்கள். கதை எழுதப்பட்டதற்கு இருநூறு ஆண்டுக்கு மேல் முந்தியது. இரண்டும் பொருந்தலாம், பொருந்துகின்றன என்றே நானும் நினைக்கிறேன்.

ஆனால் அதே ஏரிக்கு இன்னொரு கதை இருக்கிறது. சிமோன் எழுதியது. குவாத்தாவீத்தா தலைவரின் மனைவி, கணவன் செய்த அவமானம் பொறுக்காமல் மகளோடு ஏரியில் குதித்து, நீருக்கடியில் ஒரு பெரிய பாம்போடு வாழ்கிறார். மக்கள் ஏரியில் காணிக்கை இட்டது அந்தப் பெண்ணுக்கு. பொன்மனிதன் கதை உலகமெல்லாம் போனது. அந்தப் பொன் யாருக்காகத் தண்ணீரில் இடப்பட்டது என்ற கதை படகின் கண்ணாடிப் பேழைக்கு முன்னால் நிற்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரிவதில்லை. இரண்டையும் சேர்த்துச் சொன்னால் படகு சிறுத்துவிடாது.

எலும்பையும் மரபணுவையும் பார்த்தால் எல்லாம் தீர்ந்துவிடாதா?

புதைகுழிக்கு உதவும். இடுப்பெலும்பும் மரபணுவும் உடலின் பாலைச் சொல்லும். பெருவில் 2005-இல் கண்டெடுத்த, மோச்சே என்ற பழைய பண்பாட்டின் காலத்து "காவோ சீமாட்டி" நல்ல எடுத்துக்காட்டு. போர்த்தண்டங்களோடும் ஈட்டியெறி கருவிகளோடும், பொன் அணிகளோடும் புதைக்கப்பட்டவர் பெண் என்று தெரிந்தது. அதுவரை அப்படிப்பட்ட புதைகுழி என்றால் ஆண் என்பதே எதிர்பார்ப்பு.

துன்ஹோவுக்கு எலும்பு கிடையாது. கூடுதல் துயரம், பெரும்பாலான துன்ஹோக்கள் புதையல் தோண்டுவோர் கைவழியாகவே வெளியே வந்தவை. எந்தக் கலத்தில், எந்தத் திசையில், யாரோடு சேர்ந்து கிடந்தன என்பது அவர்கள் தோண்டிய மண்ணோடு போய்விட்டது.

இதெல்லாம் இன்றைய பெண்ணியக் கருத்தைப் பழங்காலத்தில் திணிப்பது ஆகாதா?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடு கேட்பவர்களும் உண்டு, உண்மையான அக்கறையோடு கேட்பவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே பதில். மார்கரெட் காங்கி, ஜேனட் ஸ்பெக்டர் என்ற இரு தொல்லியலாளர்கள் 1984-இல் எழுதிய கட்டுரை இந்தத் துறையில் ஒரு திருப்பம். அவர்கள் சொன்னது இதுதான்: பாலினம் பற்றிய கருத்துகள் தொல்லியலில் ஏற்கெனவே நிறைந்திருக்கின்றன, சோதித்துப் பார்க்காமல் இருப்பதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. வேட்டை என்றால் ஆண், அடுப்பு என்றால் பெண் என்று எழுதியவர் எந்தக் கருத்தையும் திணிக்கவில்லை என்று நினைத்தார். அவர் வீட்டு வழக்கத்தை அவர் திணித்திருந்தார்.

பாலினப் பார்வை என்பது ஒவ்வோர் உருவத்திலும் ஒரு பெண்ணைக் கண்டுபிடிக்கும் வேலை இல்லை. "ஆண்" என்று எழுதியவரிடம் கேட்கும் சான்றை "பெண்" என்று எழுதுபவரிடமும் கேட்பது. எனக்கு இது அரசியலாவதற்கு முன் நேர்மையாகத் தெரிகிறது. அரசியலும் அதில் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை.

தங்கம் ஆண், செம்பு பெண் என்று படித்தேன். உண்மையா?

தங்கத்தைச் சூரியனோடும் ஆணோடும், செம்பைப் பெண்ணோடும், இரண்டின் கலவையைக் கருவாக்கத்தோடும் இணைக்கும் வாசிப்பு ஒன்று உண்டு. கொலம்பியப் பழங்குடிகளிடம் பிற்காலத்தில் கேட்டறிந்த கருத்துகளிலிருந்து எழுந்தது. அழகான கருத்து. ஒரு குறிப்பிட்ட துன்ஹோவை அதைக்கொண்டு விளக்கப் போகுமுன், செம்பு சேர்த்தால் உலோகம் குறைந்த சூட்டில் உருகி நன்றாக ஓடும் என்பதையும் நினைக்க வேண்டும்.

இன்று முயிஸ்கா மக்கள் இருக்கிறார்களா?

இருக்கிறார்கள். சூபா, போசா, கோத்தா, சியா, செஸ்கிலே ஆகிய இடங்களில் அவர்களுடைய சமூக அவைகள் இயங்குகின்றன. "மறைந்துபோன முயிஸ்கா" என்று எழுதுவதை நிறுத்த வேண்டும். அவர்களுடைய முன்னோரின் உருவங்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அப்படியானால் ஒரு குறிப்பை எப்படி எழுதுவது?

கண் காண்பதை முதலில், ஊகத்தைப் பிறகு, ஊகம் என்றே சொல்லி. நான் முதலில் எழுதிய "கோல் ஏந்திய தலைவன் நிற்கிறான்" என்ற வரியை இப்போது இப்படி மாற்றி வைத்திருக்கிறேன்:

"நிற்கும் மனித உருவம். தங்கமும் செம்பும் கலந்த உலோகம், மெழுகு வார்ப்பு, வார்த்தபின் மெருகேற்றப்படவில்லை. ஒரு கையில் கோல். பாலுறுப்பு காட்டப்படவில்லை. முயிஸ்கா மக்கள் காணிக்கையாக இட்டது. கோலையும் அணிகளையும் கொண்டு இதைத் தலைமையில் இருந்த ஒருவரின் உருவமாகச் சிலர் கருதுகிறார்கள்."

வரி நீண்டுவிட்டது என்று படித்துப் பார்த்த நண்பர் சொன்னார். நீளமாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.